பிள்ளை சொல்ல வரும்போது

கண்ணு, உனக்கு ஆற்றுப்படுத்துநர் வேலை கிடைத்துவிட்டது, செஞ்சியும் மேல்மலையனூர்ப் பக்கத்து ஊர்களும் உன் பொறுப்பில் வரும் என்று உன் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். ரொம்ப சந்தோஷம். நீ எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் பிரிவுகளை என்னைவிட வேகமாகச் சொல்லிவிடுவாய். பிள்ளைகள் எப்போது வாய் திறப்பார்கள், எப்போது மூடிக்கொள்வார்கள் என்பதைத்தான் நான் இந்த வேலையில் இருந்த காலமெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். செல்போன் வந்த பிறகு அந்தப் படிப்பு இன்னும் அவசியமாகிவிட்டது. அதனால் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

முதலில், யாரைத் தேடிப் போகப் போகிறாய் என்று தெரிந்துகொள். நம் பக்கத்துக் கிராமங்களில் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, செங்கல் சூளைக்கோ, கரும்பு வெட்டவோ போயிருப்பார்கள். பிள்ளை ஆயா வீட்டில் இருக்கும். 2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கி ஒரு போன் வாங்கினார்கள். வகுப்பு முடிந்தது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. சிம் தாத்தாவின் ஆதாரில் இருக்கும். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டைக் கேட்டால் பிள்ளை 1990 என்று போட்டிருக்கும்.

இந்தப் பிறந்த ஆண்டு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதே. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்று இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் தனி வகைக் கணக்கைக் கொண்டுவந்தது, மறு வருஷம் நம் நாட்டிலும் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே பூட்டியிருக்கும், முன்பின் தெரியாதவன் அதற்குச் செய்தி அனுப்ப முடியாது. ஆனால் 1990 என்று போட்ட 14 வயதுப் பிள்ளையை அந்த நிறுவனம் முப்பது தாண்டிய ஆளாகப் பார்க்கிறது. பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கவே தடை. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று பள்ளி விழாக்களில் பேசுகிறார்கள். தாத்தாவின் சிம்மில் ஓடும் கணக்கை எந்தத் தடை கண்டுபிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பள்ளிக்குப் போகும்போது தடையைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காதே. பிள்ளைகளைக் கூடவே உட்கார வைத்து, பிறந்த ஆண்டைச் சரிசெய்யக் கற்றுக்கொடு. அரை மணி நேர வேலை.

வலை எப்படி விழுகிறது என்பதை உனக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லியிருப்பார்கள். நேரில் பார்த்தால் அது அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது, அதுதான் ஆபத்து. முகம் தெரியாத ஒருவன் தினம் ராத்திரி "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான் ஆரம்பம். அப்பா சூளையில், அம்மா சூளையில், ஆயா எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறாள். நாள் முழுவதும் அந்தப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பத்து நாளில் அவனிடம் எல்லாம் சொல்லிவிடுகிறது. பிறகு ஒரு போட்டோ கேட்பான். சாதாரணப் போட்டோதான். பிறகு இன்னொன்று. மறுத்தால் முதலில் அழுவான், பிறகு கோபிப்பான், கடைசியில் இருக்கிற படத்தை வைத்தே மிரட்டுவான். பணம் கேட்பான், இல்லையென்றால் நேரில் வா என்பான்.

நேரில் வரச் சொல்லும் இடம் நம் ஊரில் பெரும்பாலும் எது என்று உனக்கே தெரியும், கோட்டைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் உள்ளது செஞ்சி மட்டும்தான். எனக்கும் பெருமைதான். சனி, ஞாயிறுகளில் கல்யாண மகால் முன்னால் ரீல்ஸ் எடுக்கிற கூட்டம் கூடியிருக்கிறது. கேமராவோடு நிற்கிற வெளியூர் ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை, சீருடைப் பாவாடையை மாற்றிக்கொண்டு வருகிற பெண்ணையும் யாரும் கேட்பதில்லை. திருவண்ணாமலை சாலைக்கு வடக்கே கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப் பக்கம் மத்தியான வேளையில் ஆள் நடமாட்டமே இருக்காது. டிக்கெட் கொடுக்கிறவர்கள், காவலாளிகள், எதிரே இளநீர் விற்கிறவர்கள், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் எல்லோரிடமும் பழகு. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அவர்கள் போனில் நீயே பதிந்து கொடு.

அப்படிக் கோட்டைக்கு வரச் சொல்லி மிரட்டப்பட்ட ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாதென்று சிலதை மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு. கீறல் விழுந்த போன், பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும், இல்லையென்றால் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று அவன் கெடு வைத்திருந்தான். அவளுக்கு டீச்சர்கள் இருந்தார்கள், சித்தி இருந்தாள், பள்ளிச் சுவரில் உதவி எண்கள் எல்லாம் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் போய்ச் சொன்னது சத்துணவு சமைக்கிற அக்காவிடம். அந்த அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் உடனே தலைமையாசிரியரிடம் அழைத்துப்போனார், அவர் எங்களுக்குப் போன் செய்தார். பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், இத்தனை பேர் இருக்க அவரிடம் ஏன் சொன்னாய் என்று. "அந்த அக்கா திட்டாது" என்றாள்.

இந்த வேலைக்கு நான் கொடுக்கக்கூடிய அறிவுரை முழுவதும் அந்த மூன்று வார்த்தையில் இருக்கிறது. போனைப் பூட்டிவைக்கிற வீட்டில் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று நினைக்காதே. திட்டாத ஒரு பெரியவர் இருக்கிற இடத்தில்தான் பிள்ளை பிழைக்கிறது. அந்த ஆள் நீயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு ஊரிலும் அப்படி யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒவ்வொரு ஊரிலும் ஏட்டில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுகிறவர்கள் வேறு, பிள்ளைகள் தேடிப் போகிறவர்கள் வேறு. இரண்டாவது வகைக்காரர்களை அந்தக் குழுவுக்குள் கொண்டு வா. சத்துணவு சமையலர், அங்கன்வாடி ஊழியர், தையல் கற்றுக்கொடுக்கிற பெண், கபடிக்குப் பயிற்சி கொடுக்கிற அண்ணன்.

பிள்ளை உன் எதிரே உட்கார்ந்து சொல்லத் தொடங்கும்போது உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். புருவம் ஏறினால் பாதியை விழுங்கிவிடும். "ஏன் அனுப்பினே?" என்று கேட்டாயோ, மீதியும் போயிற்று. அந்தக் கேள்விக்குப் பதில் உனக்குத் தேவையும் இல்லை. "சொன்னது நல்லதாச்சு. இது உன் தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. அது அழுதால் அழட்டும். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று கட்டாயம் கேட்கும். அப்போது சரி என்று தலையாட்டிவிடாதே. போக்சோவின் 19ஆம் பிரிவு குற்றம் நடந்தது தெரிந்த யாராக இருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவராக இருந்தால் ஒரு வருஷம் வரை. இன்று பொய்யாக வாக்குக் கொடுத்து நாளை போலீஸோடு வாசலில் போய் நின்றால் அந்தப் பிள்ளை வாழ்நாளில் இன்னொரு பெரியவரை நம்பாது. "யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல். அப்படியே செய்.

போலீஸ் என்றதும் பிள்ளை நடுங்கும். சட்டத்தில் அதற்குத் துணையாக இருப்பதை அதற்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல். வாக்குமூலம் வாங்க அது ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதில்லை, வீட்டிலேயோ அது விரும்புகிற இடத்திலேயோ வாங்கலாம். கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வரவேண்டும், சீருடையில் வரக்கூடாது. எக்காரணம் கொண்டும் ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. இதையெல்லாம் நீ அதிகாரிகளுக்கு நினைவூட்ட வேண்டிவரும். குரலை உயர்த்தாமல் நினைவூட்டு, விட்டுக்கொடுக்காமல் நினைவூட்டு.

அடுத்தது வீடு. விஷயம் தெரிந்ததும் அப்பா செய்கிற முதல் காரியம் போனைத் தரையில் போட்டு உடைப்பது. இரண்டாவது, படிப்பை நிறுத்துவது. மூன்றாவது, மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிடலாமா என்று யோசிப்பது. இந்த மூன்றாவதைக் கவனி. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்கிறது, ஆனாலும் மானம் போகிறது என்கிற பயத்தில் அவசரமாகப் பந்தல் போட்டுவிடுவார்கள். மிரட்டியவன் பிடிபட்டுவிட்டான் என்று நீ கோப்பை மூடுகிற வாரத்தில்தான் இது நடக்கும். அதனால் பெற்றவர்களிடம் பேசுவது பிள்ளையிடம் பேசுவதற்குச் சமமான வேலை. அவர்களையும் நீ திட்டக்கூடாது. வேலைக்கு வெளியூர் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று அந்த அம்மா ஏற்கெனவே தன்னையே அடித்துக்கொண்டிருப்பாள்.

போன் உடையாமல் காப்பாற்று. அதுதான் சாட்சி. ரீசெட் செய்யவேண்டாம், மிரட்டியவனை உடனே பிளாக் செய்யவும் வேண்டாம் என்று சொல். அவன் கணக்கின் பெயர், பக்கத்தின் முகவரி, போன் எண், பணம் அனுப்பியிருந்தால் அந்த யு.பி.ஐ. விவரம், மிரட்டல் வந்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள். மிரட்டல் வாசகங்களை அந்தப் போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். பிறகு போனை அப்படியே போலீஸிடம் ஒப்படைத்து, கொடுத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடு.

இங்கேதான் நம் வேலையில் இருக்கிறவர்களே தடுக்கி விழுகிறார்கள். பிள்ளையின் அந்தப் படத்தை உன் போனுக்கு அனுப்பச் சொல்லாதே. மேலதிகாரி "தகவலுக்கு அனுப்பும்மா" என்று கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. அந்தப் படத்தைப் பார்க்காமலேயே உன் அறிக்கையை எழுதிவிடலாம். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இப்படிப்பட்ட படத்தைத் தனியாகப் பதிவிறக்கி வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்று சொல்லியிருந்தது. அதே வருஷம் செப்டம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே எந்தெந்த நிலையில் குற்றமாகும் என்று விளக்கியது. இனிமேல் இதை ஆபாசப் படம் என்று சொல்லக்கூடாது, குழந்தையைச் சுரண்டித் துன்புறுத்திய பதிவு என்றே நீதிமன்றங்கள் குறிப்பிடவேண்டும் என்றும் சொன்னது. நீயும் அறிக்கையில் அப்படியே எழுது. பிள்ளையின் முகத்தை வேறு உடம்பில் ஒட்டிக் கம்ப்யூட்டரில் செய்த படம் என்றால் அது வெறும் கேலி என்று சிலர் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உண்மைப் பிள்ளை என்று நம்பும்படி இருக்கிற அப்படிப்பட்ட படமும் போக்சோவுக்குள் வருகிறது.

"எங்கேயோ இருக்கிறவனை எப்படிம்மா பிடிப்பாங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஃபேஸ்புக், கூகுள் போன்ற அந்த நாட்டு நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் அந்த மையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்தத் தகவல் நமக்கு வர 2019இல் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து வந்த தகவலை வைத்து அந்த வருஷம் டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவரைக் கைது செய்தார்கள். எனவே பிடிக்க முடியும் என்று தைரியமாகச் சொல்.

ஆனால் பிள்ளைக்கு அவன் பிடிபடுவதைவிடப் பெரிய கவலை, படம் பரவிவிடுமே என்பது. அதற்கும் ஒரு வழி உண்டு. அதே அமெரிக்க மையம் 2023 பிப்ரவரியில் 'டேக் இட் டவுன்' என்ற சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்கு முன் எடுத்த படமாக இருந்தால் போதும், எந்த நாட்டுப் பிள்ளையும் பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம். படம் போனைவிட்டு வெளியே போகாது. அந்தப் படத்துக்கே உரிய ஒரு நீண்ட எண்ணை, அதன் கைரேகையைப் போல, போனிலேயே உருவாக்கி அந்த எண்ணை மட்டும் அனுப்புகிறது. சேவையில் சேர்ந்திருக்கிற தளங்கள் அந்த எண்ணோடு ஒத்துப்போகிற படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் பூட்டி அனுப்பிக்கொள்வதை இது தொடமுடியாது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. தளங்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நேரடியாகப் புகார் கொடுக்க 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் வழி இருக்கிறது, நீக்குவதற்குக் கெடுவும் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் புகாரை நீ நிரப்பிக் கொடு. தன்னால் எதுவோ செய்ய முடிகிறது என்று தெரிந்ததும் அதன் தோள் கொஞ்சம் இறங்கும், நீயே பார்ப்பாய்.

பொள்ளாச்சியில் பெண்களுக்கு நடந்த கொடுமையை மறக்காதே. 2019இல் அது வெளியே வந்தது. சமூக ஊடகத்தில் பழகி, அழைத்துப்போய், படம் எடுத்து, அதை வைத்தே மிரட்டினார்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார், அரசாணையிலும் அந்தப் பெயர் வந்துவிட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கடுமையாகக் கண்டித்து அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெயர் வெளியே போனால் மற்ற பெண்கள் எப்படி வருவார்கள்? அதையும் மீறிச் சிலர் வந்தார்கள், கடைசிவரை பிறழாமல் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. எட்டுப் பெண்களுக்குச் சேர்த்து 85 லட்ச ரூபாய் இழப்பீடு. அந்தப் பெண்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. உன் கையில் வருகிற பெயரை உன் வீட்டில்கூடச் சொல்லாதே, என்னிடமும் சொல்லாதே. ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், அப்பா என்ன வேலை செய்கிறார் என்கிற மூன்றைச் சேர்த்துச் சொன்னாலே செஞ்சியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது குழந்தைகள் இல்லங்களில் நடப்பதையும் சொல்லவேண்டும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். வந்தவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து, இல்லத்தின் பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள். எவனிடமிருந்து காப்பாற்றி அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுவந்து வைத்தோமோ அவனுக்கு முகவரி கிடைத்துவிடுகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இப்படி அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. இல்லத்து வாசலிலேயே சொல்லிவிடச் சொல்: சாப்பாடு போடுங்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், கேமரா பைக்குள் இருக்கட்டும்.

பையன்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் டைமண்ட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் பழகி, அதே வழியில் படம் கேட்டு, அதே வழியில் மிரட்டுகிறான். போக்சோ பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பையன் அழமாட்டான், கோபப்படுவான், பள்ளிக்கு மட்டம் போடுவான். அதைக் கெட்ட சகவாசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் போனில் என்ன நடக்கிறது என்று மெதுவாக விசாரி. சில சமயம் படத்தைப் பரப்பியவனே 16, 17 வயதுப் பையனாக இருப்பான். அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போவான். அவன் செய்தது குற்றம், அதில் தயக்கமே வேண்டாம். அவனிடமும் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளும் நம் துறையிலிருந்துதான் போகவேண்டும்.

உன் சொந்தக் கணக்கிலிருந்து எந்தப் பிள்ளையோடும் பழகாதே. ராத்திரி பதினொரு மணிக்கு "சாப்பிட்டியா?" என்று நீயும் கேட்காதே. பாசத்தில் கேட்டாலும் முன்பின் தெரியாத பெரியவர் ராத்திரியில் செய்தி அனுப்புவது சாதாரணம் என்று பிள்ளைக்கு நீயே பழக்கிவிடுவாய். அலுவலக எண்ணைக் கொடு, நீ எடுக்கமுடியாத நேரத்துக்கு 1098ஐக் கொடு.

வழக்குப் பதிவான பிறகு பிள்ளைக்கு ஒரு உதவி நபரை நியமிக்கச் சொல்லிக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுது. 2020 போக்சோ விதிகளில் அது இருக்கிறது. விழுப்புரம் நீதிமன்றத்துக்குப் போகிற நாளில் கூட வருவது, அங்கே என்ன கேட்பார்கள் என்று முன்னாலேயே சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். அதே விதிகளில் உடனடி நிவாரணமாகச் சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்றவற்றுக்குப் பணம் கேட்கவும் இடம் இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் கொடுக்கவேண்டும். சூளையில் வேலை பார்க்கிற அம்மாவுக்குக் கோர்ட்டுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும், அட்வான்ஸ் வாங்கியிருந்தால் முதலாளி விடவும் மாட்டான். இரண்டு வாய்தா தப்பினால் வழக்கு தளர்ந்துவிடும். இப்படி ஒரு பணம் உண்டு என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது, அவர்களாகக் கேட்கவும் மாட்டார்கள். அந்த மனுவை முதல் வாரத்திலேயே நீ எழுதிக் கொடுத்துவிடு.